ஐந்தாம் பக்கம்

பச்சைக் கதவு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி நின்றது. அப்பா உள்ளே போய்விட்டார். அப்பா இல்லை, நாச்சிண்ணன். இந்த வராந்தாவில் அவர் நாச்சிண்ணன். முதல்வர் அறைக்குக் கோப்பு கொண்டுபோகிறவர், மணி அடிக்கிறவர், தாமதமாக வருகிறவர்களுக்குப் பக்கத்துக் கேட்டைக் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறவர். கோகிலவாணி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நகர வேண்டிய தேவை ஒன்றும் இல்லை, பெஞ்சில் அவள் மட்டும்தான். கோப்பில் ஏழு பக்கங்கள். முதல் பக்கத்தில் பெயர், ஊர், பிறந்த தேதி. இரண்டும் மூன்றும் மதிப்பெண்கள். நான்காவது, இந்தக் கல்லூரியை விட்டு அவள் போவதில் ஆட்சேபணை இல்லை என்று முதல்வர் கையெழுத்திட வேண்டிய தாள். ஐந்தாவது அவள் எழுதிய கட்டுரை. ஆறிலும் ஏழிலும் என்ன இருந்தது என்பது இப்போது நினைவில் இல்லை, ஐந்தைத் தாண்டி மனசு போகமாட்டேன் என்றது. ஐந்தாம் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. மேலே சொன்னவை உண்மை என்று நிறுவனத் தலைவர் உறுதி செய்ய வேண்டும். இரண்டு மாதம் கையில் வைத்திருந்த தாளில் அந்த வரியை அவள் நேற்றுச் சாயங்காலம்தான் பார்த்தாள். கட்டுரைக்கு இடம் போதுமா என்று பார்த்தவள் கட்டுரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாளா? எழுதியிருப்பாள். இல்லை, இதையேதான் எழுதியிருப்பாள். இன்றைக்கு ஐந்து மணிக்கு, அவள் சேர விண்ணப்பிக்கும் வடநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வலைத்தளம் மூடிவிடும். அதற்குள் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் கடையில் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். பழைய முதல்வராக இருந்திருந்தால் ஃபோனில் பேசிக்கொண்டே ஏழு கையெழுத்தும் போட்டுத் தள்ளியிருப்பார். போன ஜூனில் வந்த இந்த மேடம் படிக்காமல் எதிலும் கை வைக்கமாட்டார். விடுப்புக் கடிதத்தைக்கூட வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துப் படிப்பார் என்று பெயர். இப்போது அந்த ஸ்கேல் எந்தப் பக்கத்தில் இருக்கும்? அப்பா எங்கே நிற்பார்? மேசைக்கு இடது பக்கம், ஃபேனுக்கு எட்டாத இடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவள் அந்த அறைக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனாலும் அவர் நிற்கும் இடம் தெரியும்.

முதல் நாள், கல்லூரிக்கு முந்தின பேக்கரி நிறுத்தத்திலேயே அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அவர் இறங்கி, காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே, எங்கேயோ பார்த்துச் சொன்னார், "உள்ளார போயிட்டா நானு எல்லாத்துக்கும் போலத்தான் சாமி உனக்கும். நாச்சிண்ணன்னு கூப்புடு, இல்லாட்டி கூப்புடாதே. உனக்கு எதுக்கு அந்த இது." அந்த இது என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவு வேகமாக அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு மூச்சு விட்டுச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் எதுக்குங்கப்பா என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, அவர் மறுபடி வற்புறுத்தின பிறகு சரி என்றிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள், வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டு இரண்டாம் முறை சோற்றை வாங்கிக்கொள்கிற மாதிரி. அவள் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டாள். அவர் அதைச் சொல்லி முடிக்கும்முன் அவள் உடம்பில் ஏதோ இறுக்கம் தளர்ந்தது, அது அவர் கண்ணில் பட்டதா இல்லையா என்பதுதான் இந்த இரண்டு வருஷமாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து பேக்கரியிலிருந்து அவள் நடந்து வருவாள், அவர் வண்டியில் முன்னால் போய்விடுவார். உள்ளே அவளையும் மற்றப் பெண்களையும் ஒரே மாதிரி, தள்ளி நில்லுங்கம்மா, லைன்ல வாங்கம்மா என்பார். அதில் ஒரு நாளும் பிசகியதில்லை. அவளுக்கு அது நடிப்பு, அவருக்கு எப்படியோ. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஒன்று உண்டு. வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அவர் மணி அடிக்கும்போது நான்கு அடி கொடுத்து, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, ஐந்தாவது அடிப்பார். வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவார். ஆயிரம் பேருக்கு அது மணி, அவளுக்கு மட்டும் கதவு. ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும் போல இருக்கும், எடுக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

"அந்த ஊர்ல குளுருமாம்ல" என்றார் ஜெகதீஸ்வரி அக்கா. அலுவலக ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, தலை நிமிராமல். அந்த அக்காதான் கோப்புக்கு எண் போட்டுக் கட்டியது. "சப்பாத்திதான் போடுவான். மூணு வேளையும். எங்க நாத்தனார் பையன் மூணாம் நாளு பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டான்." கோகிலவாணி சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் அதிக நேரம் முகத்தில் நின்றுவிட்டது, எடுத்து வைக்க வேண்டியிருந்தது. "கெடைக்கறதே பெரிசுங்க்கா. ஒம்பது எடந்தான்." "எத்தனை பேரு போடறாங்க?" "நாலாயிரத்துக்கு மேல." அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அடேங்கப்பா. அப்ப சப்பாத்தியப் பத்தி இப்பக் கவலப்படாதே." அந்த ஊரின் நூலகத்தை அவள் ஒரு காணொளியில் பார்த்தாள். நீளமான மேசை, ஒவ்வொரு இருக்கைக்கும் தனித்தனி விளக்கு, விளக்கின் கீழ் பழுப்பேறிய கடிதங்களைப் பஞ்சு மெத்தையில் கிடத்திவைத்து ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையின் ஒற்றை விரலால் பக்கத்தைத் தொடாமல் தொட்டு. இங்கே வரலாற்றுத் துறை என்றால் ஒரு பீரோ, அதன் சாவி விடுப்பில் இருக்கும் யாரிடமோ. அந்த விரலுக்காகத்தான் விண்ணப்பம் போட்டாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் ராத்திரிப் படுக்கும்போது அந்த ஊரைப் பற்றி நினைத்தால் விளக்கு வருவதில்லை, ஒரு நிசப்தம்தான் வரும். மணிச் சத்தம் எட்டாத ஊர். அதை நினைத்தவுடன் வெட்கமாக இருக்கும், போர்வையை இழுத்துக்கொள்வாள்.

முதலில் அவள் எழுதிய கட்டுரை அமராவதி ஆற்றின் பழைய மதகுகளைப் பற்றியது. சஃப்ரின் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குடி, ஆனா இதுல நீ எங்க இருக்கே?" என்றாள். சஃப்ரின் முதல் வருஷத்திலிருந்து பக்கத்து இருக்கை. அவள்தான் அங்கே இடம் கிடைத்துப் போனவர்களின் காணொளிகளைத் தேடித் தேடிக் காட்டினாள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். உங்கள் வாழ்க்கையில் ஒரு நிமிஷத்தைச் சொல்லுங்கள், அது உங்களை மாற்றியிருக்க வேண்டும், கஷ்டத்தைச் சொல்லுங்கள், அழாமல் சொல்லுங்கள். ஒரு நிமிஷம். அவளிடம் ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத அப்பாவை அவள் முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்கு ஐந்நூறு சொற்களில் எழுதினாள். காக்கிச் சட்டையை எழுதினாள், தண்டவாளத் துண்டை எழுதினாள், நான்கு அடிக்கும் ஐந்தாவது அடிக்கும் நடுவில் இருக்கும் மூச்சைக்கூட விடவில்லை. எழுத எழுத நன்றாக வந்தது, அதுதான் பயமாக இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தபோது கை தானாக ஓடியது. சஃப்ரின் அதைப் பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தாள். ஒரு ஆட்டோ போய், ஒரு பஸ் போய், அப்புறம்தான் கேட்டாள், "நாச்சிண்ணனா? நம்ம நாச்சிண்ணனா?" "ம்." "அவருகிட்ட நான் உன்னப் பத்தியே கொற சொல்லியிருக்கேன்டி. இவதான் லேட் பண்ணுனா, கேட்டத் தொறங்கண்ணான்னு." இரண்டு பேரும் சிரித்தார்கள், சஃப்ரினுக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு கடைசிப் பத்தியில் விரலை வைத்து, "நெசமாவே பொறுக்குனியா? அன்னிக்கு நான் வரல, காய்ச்சல். எனக்கு யாரும் சொல்லவே இல்லயே" என்றாள். கோகிலவாணி மறுபடியும், "ம்" என்றாள். எழுதியது ஒரு பொய், சொன்னது இன்னொன்று. இரண்டாவதுக்கு ஒரே ஒரு எழுத்துத்தான் செலவு.

முதல் வருஷம் பிப்ரவரியில் கல்லூரிக்குத் தரம் பார்க்கும் குழு வந்தது. வாடகைக்குப் பூந்தொட்டி, வாசலில் வாழைமரம், வராந்தா முழுக்க சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி இன்னும் ஈரம் போகவில்லை. வரவேற்க நின்ற பெண்களில் அவளும் ஒருத்தி, சஃப்ரின் கொடுத்தனுப்பிய வெந்தய நிறப் பட்டுப்புடவை, கையில் சந்தனத் தட்டு. குழுவினர் முன்னால் போக, பெண்கள் வரிசையாகப் பின்னால் போக வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். எதிரே அப்பா வந்தார். தட்டில் புதுக் கண்ணாடித் தம்ளர்களில் டீ. அவர் ஒதுங்கத்தான் போனார். ஒதுங்கின கால் ஈரத்தில் வழுக்கி... அந்தச் சத்தம். பத்துப் பன்னிரண்டு தம்ளர்கள் உடைந்தால் பத்துப் பன்னிரண்டு சத்தம் வராது, ஒன்றே ஒன்றுதான் வரும், ஆனால் அது முடியாது. யாரோ சிரித்தார்கள். அலுவலகத்தில் அப்போது பெரியவராக இருந்தவர், "கண்ணு பொடனியிலயா இருக்குது உனக்கு? இன்னைக்குப் பார்த்துத்தான் உழுகோணுமா?" என்றார். அப்பா முழங்காலில் இருந்தார். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார், வலது கோடியிலிருந்து இடது கோடி வரைக்கும். அவள் முகம் வந்த இடத்தில் மட்டும் அவர் பார்வை தாண்டிக்குதித்து அடுத்த பெண்ணிடம் போயிற்று. கவனமாக, சேற்றுக்குழியைத் தாண்டுகிற மாதிரி. அந்த நேரத்திலும் அவர் ஒப்பந்தத்தை மறக்கவில்லை. வரிசை நகர்ந்தது. அவள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள், டீ படாமல் இருக்க. நடந்தாள். பின்னால் துண்டுகள் தட்டில் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது, திரும்பவில்லை. அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "பொடவையில டீ பட்டுச்சே, கறை போயிருச்சா சாமி?" என்று கேட்டார். அந்த நாளைப் பற்றி அவர் கேட்டது அது மட்டும்தான். போயிருச்சுங்கப்பா என்றாள். போகவில்லை. கரை ஓரத்தில் தலைமுடி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு தங்கிவிட்டது, சஃப்ரின் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஐந்தாம் பக்கத்தில் இருப்பது இது இல்லை. ஐந்தாம் பக்கத்தில் வரிசை நிற்கிறது, ஒரு பெண் சந்தனத் தட்டைக் கீழே வைக்கிறாள், எல்லோரும் பார்க்க மண்டியிடுகிறாள், அப்பாவோடு சேர்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறாள். அந்தப் பெண்ணைத்தான் நாலாயிரம் பேரில் தேர்ந்தெடுப்பார்கள். பெட்டியோடு போய் இறங்கப் போகிறவள் மட்டும் வேறு ஒருத்தி.

கதவு ஆடியது. அப்பா வெளியே வந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை. மணி பதினொன்றரை. அவளைக் கடந்து போய்த் தண்டவாளத் துண்டின் அருகே நின்று சுத்தியலை எடுத்தார். நான்கு. மூச்சு. ஐந்து. திரும்பி வரும்போது பெஞ்சருகே அரை நொடி நின்றார். "மேடம் படிச்சுட்டு இருக்கறாங்க. இருங்கம்மா." "எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டுவிட்டாள். வராந்தாவில் அவள் அவரிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வியாக அது இருக்கலாம். அவருக்கே கொஞ்சம் திடுக்கென்றது போல. "எனக்கு எங்கீங்க தெரியுது, இங்கிலீசு" என்றார். பிறகு குரலை இறக்கி, "மார்க்கெல்லாம் பாத்து தலையாட்டுனாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போன வாரம் வீட்டில் என்ன எழுதியிருக்கே சாமி என்று கேட்டார். காலேஜப் பத்தித்தானுங்கப்பா என்றாள். நல்லா எழுதியிருப்பே என்றார். இப்போதே எழுந்து போய், ஒரு பக்கம் மாற்ற வேண்டியிருக்கிறது மேடம் என்று கேட்டு வாங்கிவிடலாம். மாற்றி எழுத நேரம் இருக்கிறதா? மதகைப் பற்றி எழுதின தாள் வீட்டில் இருக்கிறது. எழுந்தாள், உட்கார்ந்தாள். வரலாற்று வகுப்பில் அடிக்கடி கேட்டது நினைவுக்கு வந்தது. ஒருத்தன் எழுதிவைத்தது மட்டும் போதாது, பக்கத்தில் நின்ற இன்னொருவனும் அதையே சொல்லியிருக்கிறானா என்று பார்க்க வேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர்களில் யார் இருக்கிறார்கள்? சிரித்தவர்கள் சீனியர்கள், போய்விட்டார்கள். திட்டினவர் ஓய்வு பெற்றுவிட்டார். வரிசையில் நின்ற பெண்களுக்கு யார் குனிந்தது, யார் குனியாதது என்று எதற்கு நினைவிருக்கப்போகிறது? ஒருவர் இருக்கிறார். அவர் உள்ளே, ஃபேன் காற்று எட்டாத இடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே அழைப்பு மணி ஒலித்தது. அது அவருக்கான மணி. அவர் உள்ளே இருக்கும்போதே அது அடித்தால் வேறு யாரையோ கூப்பிடத்தான். கதவு பாதி திறந்தது. "மேடம் கூப்புடறாங்கம்மா" என்றார் அப்பா.

அறை அவள் நினைத்ததைவிடச் சின்னது. கட்டுரைத் தாள் மேசையில் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது, அதன் மேல் மர ஸ்கேல், கடைசிப் பத்தியின் நடுவில். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "நாச்சிமுத்து, இது உங்க பொண்ணா?" அப்பா அவளைப் பார்த்தார். கல்லூரிக்குள் அவர் அவள் முகத்தைப் பார்த்து அவள் கண்டதில்லை. அனுமதி கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஆமாங்க மேடம், எங்க அப்பா" என்றாள். குரல் சின்னதாக வந்தது. "ஒரு வருஷமா இந்த ரூம்ல நிக்கறீங்க, ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றார் மேடம். கோபமில்லை. "சொல்றதுக்கு என்னங்க மேடம்" என்றார் அப்பா. மேடம் ஸ்கேலைத் தட்டினார். "நல்லா எழுதியிருக்கேம்மா. ஆனா கீழே, இது உண்மைன்னு நான் கையெழுத்துப் போடணும். நான் அப்ப இங்க இல்ல. உங்க அப்பாகிட்டயே கேட்டுடறேன்." பிறகு ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு வரியையும் நிதானமாகத் தமிழில் சொன்னார். தம்ளர் உடைந்ததைச் சொன்னார். அப்பா தலையாட்டினார். திட்டினதைச் சொன்னார். அப்பா தரையைப் பார்த்தார். "என் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் மண்டியிட்டேன். அவர் வேலை என் வேலை இல்லை என்று அன்று நடந்து போயிருந்தால் நான் படித்த எதற்கும் அர்த்தம் இருந்திருக்காது. இருவரும் சேர்ந்து துண்டுகளைப் பொறுக்கினோம்." மேடம் நிமிர்ந்தார். "இப்படி எழுதியிருக்கா. நடந்ததுதானே நாச்சிமுத்து?" இல்லைங்க மேடம் என்று சொல்ல இரண்டு சொல் போதும், முதல் சொல்லின் முதல் எழுத்து கோகிலவாணியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை, மறுபடி உதைத்தார்கள். "ஆமாங்க மேடம்" என்றார் அப்பா.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. "வேண்டாஞ் சாமி, நீ போன்னு சொன்னனுங்க. கேக்கலீங்க. பட்டுப்பொடவையோட அப்படியே உக்காந்துருச்சுங்க. பொறுக்கையில வெரல்ல குத்தி ரத்தம் வேற." தன் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார், இந்த விரல் என்பது போல. எங்கிருந்து எடுத்தார் அந்த ரத்தத்தை? யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. பல நாளாக அவரிடம் இருந்ததைச் சொன்ன மாதிரி இருந்தது, அந்தப் பிப்ரவரி நாளை அவரும் எங்கோ தனியாக வேறு மாதிரி எழுதி வைத்திருந்த மாதிரி. மேடம் அவளைப் பார்த்தார். அவருடைய முகம் இளகியிருந்தது. "இதை நீ எழுதலையேம்மா" என்றார். "எழுதியிருக்கலாம்." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஏழு இடங்களில். முத்திரை வைப்பது அப்பாவின் வேலை. மைப்பெட்டியில் முத்திரையைப் புரட்டி ஒவ்வொரு பக்கத்திலும் நேராக வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். ஐந்தாம் பக்கத்தில் மை கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டது. குனிந்து வாயால் ஊதினார், சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி, மெதுவாக. ஊதின மூச்சில் தாளின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது.

வெளியே வந்ததும் அப்பா தாள்களை அவளிடம் கொடுத்தார். ஜெகதீஸ்வரி அக்கா ஜன்னலில் இருந்தார். "மை காயலீங்கம்மா. கை படாமப் புடிங்க" என்றார் அப்பா, எல்லாப் பெண்களிடமும் பேசும் அதே குரலில், அவள் நெற்றிக்குச் சற்று மேலே பார்த்து. "அப்பா" என்றாள் அவள், அல்லது சொன்னதாக நினைத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை ஆகியிருந்தது. "மணி அடிக்கோணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வலது கால் முழங்கால் கொஞ்சம் விறைப்பாகத்தான் மடங்கியது. அது பிப்ரவரிக்கு முன்பும் அப்படித்தான் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு பார்க்கிறவள் அதைப் பார்த்து வைக்கவில்லை. இனி அது நடந்ததுதான். எழுதினவளும் சொல்லிவிட்டாள், பக்கத்தில் இருந்தவரும் சொல்லிவிட்டார், முத்திரையும் விழுந்துவிட்டது. அனுப்பாமல் கிழித்துப்போட்டால் அவர் சொன்னது வீணாகப் போகும். அனுப்பினால்? அவள் தாள்களை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி கேட்டை நோக்கி நடந்தாள். பின்னால் மணி ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூச்சு. இந்த முறை மூச்சு நீண்டது, அவள் நின்றாள், வகுப்புகளிலிருந்து வெளியே வந்தவர்கள்கூட ஒரு கணம் தயங்கின மாதிரி இருந்தது. ஐந்து. எவ்வளவு தள்ளிப் பிடித்தும் வலது கை ஆள்காட்டி விரலில் ஊதா மை ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், பரவியது. சாயங்காலம் அவர் கட்டுரையைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வெரல்ல மை பட்டுச்சே, போயிருச்சா சாமி என்று மட்டும் கேட்பார். போயிருச்சுங்கப்பா, போயிருச்சுங்கப்பா என்று இப்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு அவள் பேக்கரியைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.